துருவ நட்சத்திரம் தெரியாத பால்கனியில் நெபுலா பிடிக்க முடியுமா?

கேள்வி: பினாங்கு, பாயான் லெப்பாஸில் கிழக்குப் பார்த்த கொண்டோவில் 12-ஆவது மாடியில் இருக்கிறேன். கேனன் டிஎஸ்எல்ஆர், 70–300 மிமீ ஜூம் லென்ஸ், புதிதாக வாங்கிய ஸ்டார் டிராக்கர் (வானம் சுழலும் வேகத்துக்கே கேமராவையும் திருப்பும் கருவி) கைவசம் உள்ளன. துருவ நட்சத்திரத்தை எவ்வளவு தேடியும் காணவில்லை. 300 மிமீ வைத்து இரண்டு நிமிடம் எடுத்தால் நட்சத்திரமெல்லாம் கோடு கோடாக விழுகிறது. ஓரையன் நெபுலாவும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியும் எடுக்க ஆசை. ஒளி மாசு ஃபில்டர் வாங்கினால் போதுமா, டெலஸ்கோப்தான் வாங்க வேண்டுமா?

பதில்: ஓரையனை வீட்டிலிருந்தே எடுக்கலாம். ஆண்ட்ரோமெடாவுக்கு ஊரை விட்டு வெளியே போகத்தான் வேண்டும். டெலஸ்கோப் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

முதலில் துருவ நட்சத்திரக் கவலையைத் தீர்த்துவிடுவோம். டிராக்கரின் அச்சு வானத்தின் வட துருவத்தை நோக்கி இருக்க வேண்டும், அந்த இடத்தைக் காட்டத்தான் துருவ நட்சத்திரம். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5.4 டிகிரியில் இருப்பதால், அந்த நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேல் 5 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி மூன்று விரலைப் படுக்கையாகப் பிடித்தால் எவ்வளவோ அவ்வளவு. கோலாலம்பூரில் 3 டிகிரிதான். இந்த ஊர் ஈரக்காற்றும் பட்டணத்து வெளிச்சமும் அந்த உயரத்தில் எதையும் பார்க்க விடாது. போதாததற்கு உங்கள் பால்கனி பார்ப்பதே கிழக்கை.

ஆனால் அது தெரிந்தே ஆக வேண்டும் என்றில்லை. டிராக்கரின் அச்சு துருவத்திலிருந்து அரை டிகிரி விலகி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 விநாடியில் அதனால் நட்சத்திரம் நகர்வது அதிகபட்சம் 4 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்). 135 மிமீயில் உங்களுடையது போன்ற கேமராவில் ஒரு பிக்சலே சுமார் 6 ஆர்க்செகண்ட் அகலம். நகர்ந்தது கண்ணுக்கே தெரியாது. அதே அரை டிகிரிப் பிழையோடு 300 மிமீ, இரண்டு நிமிடம் என்று போனால் 16 ஆர்க்செகண்ட், அதாவது ஆறு பிக்சல் நீளக் கோடு. டிராக்கரின் பற்சக்கரத் தடுமாற்றம் இதற்கு மேல் தனி. ஆக, டிராக்கரில் கோளாறு இல்லை. அதனிடம் கேட்டதுதான் அதிகம். ஜூமை 135-க்குக் கொண்டு வாருங்கள், 30 விநாடி வையுங்கள்.

அரை டிகிரிக்குள் வர என்ன செய்வது? சாய்வுக்குக் கைப்பேசியில் உள்ள சாய்வுமானி போதும், 5.4 டிகிரி வையுங்கள். வடக்குக்கு மட்டும் கைப்பேசித் திசைகாட்டியை நம்பாதீர்கள். காந்த வடக்கும் உண்மையான வடக்கும் இங்கே ஒரு டிகிரிகூட வேறுபடாது என்பது உண்மைதான். ஆனால் பால்கனிக் கம்பியும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பும் முள்ளை எங்கேயோ திருப்பிவிடும். செயற்கைக்கோள் வரைபடத்தில் உங்கள் கட்டடச் சுவர் வடக்கிலிருந்து எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று அளந்து, அந்தக் கோணத்தைச் சுவரோரமாகத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். ஒரு தடவை செய்தால் போதும். மடிக்கணினி இருந்தால் நினா என்ற இலவச மென்பொருளின் மூன்று-புள்ளி முறை இன்னும் துல்லியம். வானத்தின் எந்த மூலையைப் படம் எடுத்தாலும் அச்சு எவ்வளவு தவறியிருக்கிறது என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். இன்னொன்று, இவ்வளவு தாழ்ந்த கோணத்தில் சில மாடல்களில் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் போய் முட்டும். காலைச் சற்றுத் திருப்பி வைத்து, இரவு முழுக்கத் தண்டு எங்கெல்லாம் போகும் என்று பகலிலேயே சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஃபில்டர். நிறையப் பேர் பணத்தை வீணாக்கும் இடம் இதுதான். ஓரையன், ரோசெட், லகூன் போன்ற நெபுலாக்கள் ஒளிரும் வாயு. அவற்றின் ஒளியில் பெரும்பகுதி சில குறிப்பிட்ட அலைநீளங்களில் குவிந்திருக்கிறது: ஹைட்ரஜன் 656 நானோமீட்டரில், ஆக்சிஜன் 501-இல். இந்த இரண்டை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் இரட்டைப் பட்டை ஃபில்டர் போட்டால், தெருவிளக்கு வெளிச்சத்தில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும், நெபுலா உள்ளே வந்துவிடும். கேலக்ஸி அப்படியில்லை. அது கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி, எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கும். எல்இடி தெருவிளக்கின் ஒளியும் அதே மாதிரிதான் பரவியிருக்கிறது. ஒன்றை வெட்டினால் மற்றதும் வெட்டுப்படும். ஆண்ட்ரோமெடாவுக்கு ஒளி மாசு ஃபில்டர் என்று கடையில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீல மேகத்துக்கும் இதே கதி, அது நட்சத்திர ஒளியைத் திருப்பிக் காட்டும் தூசு.

அதற்காக ஃபில்டரை முதலிலேயே வாங்கிவிடாதீர்கள். சாதாரண டிஎஸ்எல்ஆரின் சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கிறது. ஹைட்ரஜனின் அந்தச் சிவப்பில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். அந்தக் கண்ணாடியை மாற்றிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். என் வரிசை இதுதான்: இந்த டிசம்பரில் எதையும் வாங்காமல் ஓரையனை எடுங்கள், அது வெறும் கேமராவுக்கே சிக்கும் அளவுக்குப் பிரகாசம். பிடித்துப்போனால் கேமராவின் அந்தக் கண்ணாடியை மாற்றுங்கள். அப்புறம் ஃபில்டர். பின்னாளில் எஃப்/4-ஐவிட அகலமாகத் திறக்கும் லென்ஸ் வாங்கினால், ஃபில்டர் போட்டதும் அதை எஃப்/4-க்குக் குறைத்து வையுங்கள். முழுதாகத் திறந்தால் ஒளி சாய்வாக நுழைந்து, ஃபில்டர் விடும் பட்டை நீலப் பக்கம் நழுவும்.

கிழக்குப் பால்கனி உங்களுக்கு ஒரு கொடுப்பினை. இங்கே நட்சத்திரங்கள் கிட்டத்தட்டச் செங்குத்தாக மேலே ஏறும். ஓரையன் நெபுலா 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரை மேல் மாடித் தளம் மறைக்காது. டிசம்பர் நடுவில் அந்த நேரம் இரவு எட்டரையிலிருந்து பதினொன்றே கால் வரை. வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட வசதி ஏது? திருவாதிரைக்குச் சற்றுக் கிழக்கே இருக்கும் ரோசெட் அதே வழியில் ஒரு மணி நேரம் பின்னால் வரும். பினாங்கில் அது ஏறக்குறைய நேர் உச்சியில் கடக்கும் என்பதால், வெட்டவெளியில் நின்றால் அதை மிகக் குறைந்த காற்றின் ஊடாகப் பார்க்கலாம். ஆனால் கேமராவின் கண்ணாடியை மாற்றிய பிறகுதான் ரோசெட்டைத் தொட வேண்டும்.

டிராக்கர் இல்லாமல் சீஸ்டார் போன்ற தானியங்கி டெலஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கும் இதே கிழக்கு மேற்குதான் நல்லது. மேல்-கீழ், இடம்-வலம் என்று மட்டுமே திரும்பும் கருவியில் படம் மெல்லச் சுழலும். நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் அந்தச் சுழற்சி ஏறத்தாழ இல்லை. உச்சியை ஒட்டி வடக்கிலோ தெற்கிலோ கடக்கும்போது மோசமாகிவிடும்.

இனி ஆண்ட்ரோமெடா. உங்கள் வானத்தின் பின்னணி, நல்ல கிராமத்து வானத்தைவிட மூன்று மேக்னிடியூட், அதாவது சுமார் 16 மடங்கு, பிரகாசம் என்றால், அங்கே ஒரு மணி நேரத்தில் கிடைப்பதை வீட்டில் எடுக்க 16 மணி நேரம் வேண்டும். கேலக்ஸியின் நடுப்பகுதி மட்டும் பால்கனிக்கும் வரும், ஒரு மங்கல் உருண்டையாக. முழு நிலவைப்போல் ஆறு மடங்கு அகலமான அதன் கரங்கள் வராது. பாலிக் பூலாவ் பக்கம் போனால் பாதிப் பிரச்சினை தீரும், மேற்கே கடல்தான், மீன்பிடிப் படகு விளக்குகளைத் தவிர. முழுதாகத் தீர கெடாவில் சிக், பாலிங் பக்கம் போங்கள். பேராக்கில் கிரிக்கைத் தாண்டி பெலும் காடு வரை போனால் வானம் அள்ளிக் கொடுக்கும், ஆனால் அந்த நெடுஞ்சாலையில் காட்டு யானை குறுக்கே வரும், சாலையோரம் தனியாக முக்காலி போடாதீர்கள். டிசம்பர் அமாவாசையை ஒட்டி இருட்டியதும் ஆண்ட்ரோமெடா வடக்கே 50 டிகிரிக்கு மேல் நிற்கும். தீபாவளியும் அமாவாசையை ஒட்டித்தான் வரும், ஆனால் அப்போது பினாங்கில் மழைக்காலம், வாணப் புகை வேறு. தைப்பூசம் பௌர்ணமி, அந்த வாரம் ஃபில்டர் போட்டு நெபுலா மட்டும்.

எத்தனை படம்? ஐஎஸ்ஓ 800, 30 விநாடி, ஓரையனுக்கு ஒரு நாளில் 200 படம் என்று தொடங்குங்கள். பின்னணி மிக வெளுத்தால் 20 விநாடி. ஓரையன் நெபுலாவின் நடுப்பகுதி எளிதில் வெளுத்து எரிந்துபோகும், அதற்காக 3 விநாடியில் ஒரு 30 படம் தனியாக. சிரில் என்ற மென்பொருள் இலவசம், படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்க அதுவே போதும். கடலுக்கு அப்பால் பத்து காவான் ஊர்ப் பக்கமிருந்து வரும் வெளிச்சச் சரிவை கிராக்ஸ்பெர்ட் என்ற மென்பொருள் வழித்தெடுத்துவிடும்.

குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் அறிவுரையில் இல்லாத ஒன்று வெப்பம். நம் இரவு 27 டிகிரி. சென்சார் சுமார் 6 டிகிரி சூடானால் அதன் வெப்ப இரைச்சல் இரட்டிப்பாகும். அதனால் அந்த இரைச்சலைக் கழிப்பதற்காக லென்சை மூடி எடுக்கும் டார்க் படங்களை அன்றே, வேலை முடிந்த சூட்டோடு எடுங்கள். போன வாரத்து டார்க் உதவாது. பின்னாளில் குளிரூட்டும் கேமரா வாங்கினால் மைனஸ் 20 என்று ஆசைப்படாமல் மைனஸ் 5-இல் நிறுத்துங்கள்.

ஏர்கான் அறையிலிருந்து லென்சை நேரே பால்கனிக்குக் கொண்டுபோனால் நொடியில் பனித்துவிடும். மாலையிலேயே மூடிய பையோடு வெளியே வைத்து முக்கால் மணி நேரம் விடுங்கள். லென்ஸ் முனையில் சுற்றும் சூட்டுப்பட்டை ஒன்று வாங்குங்கள், பவர் பேங்க்கில் ஓடும். இப்போது செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும், பூஞ்சைக்குப் பயந்து ஒரு உலர் பெட்டிக்கும் செய்யுங்கள்.