காலபோக அறுவடையில் மட்டும் ஸ்பிரிங் பூட் செயலி 30 செக்கன் உறைந்து நிற்பது ஏன்?

ஜாவா கட்டமைப்பான ஸ்பிரிங் பூட்டில் எழுதிய, பரந்தனில் உள்ள உங்கள் நெல் கொள்வனவுச் செயலி, மூட்டைகளைப் பதிந்ததும் கமக்காரருக்கு எஸ்எம்எஸ் அனுப்புகிறது. லொறிகள் குவியும் நாளில் மட்டும் "கனெக்‌ஷன் கிடைக்கவில்லை" என்று விழுகிறது என்கிறீர்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பிழையில்லை.

தரவுத்தள இணைப்புகளைத் திறந்து வைத்துப் பகிரும் ஹிகாரி பூலில் இயல்பாக 10 இணைப்புகள்தான். ட்ரான்ஸாக்‌ஷனல் குறியிட்ட (உள்ளே நடப்பதை ஒரே தரவுத்தள வேலையாக நடத்தும்) மெதட்டுக்குள்ளேயே எஸ்எம்எஸ் சேவையை அழைத்தால், அங்கிருந்து பதில் வரும்வரை ஒவ்வொரு பதிவும் ஓர் இணைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பத்தும் போனால் பதினோராவது ஆள் 30 செக்கன் காத்திருந்து பிழையோடு திரும்புவார்.

பூலை 100 ஆக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். போஸ்ட்கிரெஸின் இயல்பு உச்சமே 100. அதிலும் சில நிர்வாகிக்கு ஒதுக்கியவை.

சேமிப்பதை மட்டும் ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் விடுங்கள், எஸ்எம்எஸ்ஸை வெளியே எடுங்கள். இரண்டையும் ஒரே கிளாஸில் வைத்து ஒன்றிலிருந்து மற்றதை அழைத்தால் அந்த ட்ரான்ஸாக்‌ஷனல் குறி வேலை செய்யாது, ஏனென்றால் அழைப்பு ட்ரான்ஸாக்‌ஷனைத் தொடங்கி முடிக்கும் இடையாளான ஸ்பிரிங்கின் ப்ராக்ஸி வழியாகப் போவதில்லை. ஆகவே சேமிக்கும் மெதட்டைத் தனி சர்வீஸ் கிளாஸுக்கு மாற்றுங்கள். கமிட் (சேமிப்பு உறுதியாவது) முடிந்ததும் ஓடும் ஆஃப்டர் கமிட் லிசனரில் எஸ்எம்எஸ்ஸைப் போட்டாலும், அசிங்க் (தனி த்ரெட்டில் ஓடுவது) இல்லாவிட்டால் பலனில்லை. கமிட் முடிந்தாலும் லிசனர் ஓடி முடியும்வரை இணைப்பு கைவிட்டுப் போகாது.

பலர் கவனிக்காத இன்னொன்று: ஓப்பன் இன் வியூ (கோரிக்கை முழுவதும் தரவுத்தள செஷனைத் திறந்து வைக்கும் அமைப்பு) இயல்பாகவே இயங்கும். அதை ஃபால்ஸ் ஆக்காவிட்டால் மேலே சொன்ன பிரிப்பெல்லாம் வீண், கோரிக்கை முடியும்வரை இணைப்பு சிக்கியே கிடக்கும். அணைத்ததும், செஷன் மூடிய பின் தொடர்புடைய தரவைக் கேட்பதால் வரும் லேசி இனிஷியலைசேஷன் பிழைகள் கிளம்பலாம். அந்தக் குவெரிகளில், தொடர்புடைய தரவையும் ஒன்றாகவே எடுக்கும் ஜாயின் ஃபெட்ச் சேர்த்து விடுங்கள்.

எந்த மெதட் இணைப்பைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியாவிட்டால் ஹிகாரியின் லீக் டிடெக்‌ஷன் த்ரெஷோல்டை 10000 மில்லிசெக்கனாக வையுங்கள். ஓர் இணைப்பு அதற்கும் மேல் திரும்பாவிட்டால் லொக்கில் வரியோடு காட்டிக்கொடுக்கும்.