டாக்டர் சீட்டும் வேண்டாம், டிவிஷன் 1 கனவும் வேண்டாம்: ஒரு பாயிண்ட் கார்டின் அம்மாவுக்கு

நியூஜெர்சியிலிருந்து ஒரு அம்மா நீளமாக எழுதியிருக்கிறார். மகள் 11ஆம் வகுப்பு, பள்ளி பாஸ்கெட்பால் டீமில் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். ஒன்பதாவதில் ஜேவி என்ற இரண்டாம் டீம், பத்தாவதில் வார்சிட்டி என்ற முதன்மை டீமின் பெஞ்ச், இந்த வருஷம் ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பேரில் ஒருத்தி. உயரம் 5 அடி 6 அங்குலம். கணக்கும் புள்ளியியலும் பிடிக்கும், மருத்துவம் வேண்டாம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். ஹூஸ்டனில் இருக்கும் பெரியப்பாவோ தன் மகன் மாதிரி இவளும் பள்ளி முடிந்ததும் நேராக டாக்டர் பட்டம் வரை போகும் எட்டு வருஷ பிஎஸ்-எம்டி படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வாராவாரம் போன் செய்கிறார். அப்பா வேறு கட்சி: கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான டிவிஷன் 1இல் ஸ்காலர்ஷிப் கிடைத்தால் ஆடட்டும், இல்லாவிட்டால் பள்ளியோடு பந்தை மூட்டை கட்டிவிட்டுப் படிக்கட்டும். இரண்டில் எது சரி என்று அம்மா கேட்கிறார்.

உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறதும்மா, பிள்ளை நன்றாகப் படித்து நன்றாகவும் ஆடினால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். ஆறுதல் இவ்வளவு போதும். நீங்கள் கேட்ட இரண்டில் எதுவும் சரியில்லை, இரண்டுமே வீட்டுப் பெரியவர்கள் ஊரில் சொல்லிக்கொள்வதற்கான பெயர்கள், இரண்டிலும் உங்கள் மகள் இல்லை.

முதலில் பெரியப்பா. மருத்துவம் உயர்ந்த படிப்புதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை 17 வயதில் எட்டு வருஷத்துக்குக் கட்டிப்போடுவது எந்த வகையிலும் நியாயமில்லை. அதோடு, அந்தப் படிப்பைப் பாதியில் விட்டு வெளியே வருவது பிள்ளைகளுக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா, மதிப்பெண் குறைந்ததற்காக இல்லை, வீட்டில் எப்படிச் சொல்வது என்ற பயத்தினாலேயே இரண்டு வருஷம் கூடுதலாக உட்கார்ந்துவிடுகிறார்கள். பணத்தையும் பாருங்கள். 2026 ஜூலையிலிருந்து மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 200,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. தனியார் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் நான்கு வருஷச் செலவு அதைத் தாண்டும். மீதிக்குத் தனியார் கடன், அதில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள், பெரியப்பா இல்லை. நாளைக்கு அவளுக்கே மனம் மாறி டாக்டராக ஆசை வந்தால், எந்தக் கல்லூரியிலிருந்தும் தேவையான அறிவியல் பாடங்களை முடித்து, மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதலாம். கதவு ஒன்றும் மூடிவிடாது.

அப்புறம் அப்பா. ஹைஸ்கூல் டீமில் ஆடும் பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேர்தான் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் ஏதாவது ஒரு டிவிஷனில் ஆடுகிறார்கள். டிவிஷன் 1 மட்டும் என்றால் நூற்றுக்கு ஒருவருக்குக் கொஞ்சம் மேல். இப்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வேறு வந்து, காலேஜ் விட்டுக் காலேஜ் மாறும் ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து காத்திருக்காமல் உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. மூன்று வருஷம் காலேஜில் ஆடிப் பழகிய 22 வயதுப் பெண் கிடைக்கும்போது 17 வயதுச் சின்னப் பெண்ணுக்காகக் காத்திருக்க ஒரு கோச்சுக்கு என்ன அவசியம்? 11ஆம் வகுப்பு செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்து டிவிஷன் 1 கோச்சுகள் உங்கள் மகளை நேரடியாக அழைக்கலாம். இதுவரை ஒரு போன்கூட வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதில் அதிலேயே இருக்கிறது.

அப்பா உடனே பெக்கி ஹாமனைக் காட்டுவார், அவரும் 5 அடி 6 அங்குலம்தானே என்பார். சரி, அவர் கதையையே பார்ப்போம். சவுத் டகோட்டாவின் ராப்பிட் சிட்டியில் ஸ்டீவன்ஸ் ஹைஸ்கூல் கார்டு. பெரிய பெயருள்ள டீம்கள் அவரைத் தேடி வரவில்லை. கொலராடோ ஸ்டேட் போனார், அந்த டீம் பந்தை அவர் கையில் கொடுத்தது, 1998-99இல் 33 ஆட்டம் ஜெயித்து 3 மட்டுமே தோற்றார்கள். அப்படியும் 1999இல் பெண்களின் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏ டீம்கள் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை, தானாகப் போய் நியூயார்க் லிபர்ட்டி டீமில் இடம் பிடித்தார், பின்னாளில் கோச்சாக அதே லீக்கின் லாஸ் வேகஸ் ஏசஸுக்குச் சாம்பியன்ஷிப்புகள் வாங்கிக் கொடுத்தார். இதில் உங்கள் மகள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: தன்னை உண்மையிலேயே ஆட வைக்கப்போகிற இடத்துக்குப் போனார். டிவிஷன் 1 பெஞ்சின் ஓரத்தில் நாலு வருஷம் டவலோடு உட்கார்ந்திருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நம் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் சேர்ந்து சும்மா படிப்பது, கம்யூனிட்டி காலேஜ், இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதில் நான் நேரம் செலவழிக்கவில்லை. நம் குடும்பங்கள் ஏறெடுத்தும் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன்: டிவிஷன் 3.

பெயரைக் கேட்டதும் மூன்றாம் தரம் என்று நினைக்காதீர்கள். என்சிஏஏவிலேயே அதிகக் கல்லூரிகள் இருப்பது இந்தப் பிரிவில்தான், 400-க்கும் மேல். எம்ஐடி டிவிஷன் 3. யூனிவர்சிட்டி ஆஃப் சிகாகோ, எமரி, கார்னகி மெல்லன், டஃப்ட்ஸ், என்ஒய்யூ எல்லாமே டிவிஷன் 3. இந்தப் பெயர்களைச் சொன்னால் பெரியப்பா நிமிர்ந்து உட்காருவார், ஆனால் அதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ஆட்டமும் அங்கே சாதாரணம் இல்லை. என்ஒய்யூ பெண்கள் டீம் 2024இலும் 2025இலும் தேசிய சாம்பியன், இரண்டு சீசனிலும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 31க்கு 31. அந்த டீமின் பெஞ்சில் உட்காருகிற பெண்கூடத் தன் ஹைஸ்கூலில் நட்சத்திரமாக இருந்தவள்தான்.

இங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. அப்பா இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார். ஆனால் அதே விதியின் இன்னொரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்: கல்லூரி கொடுக்கும் எந்த உதவித்தொகையிலும் அவள் ஆடுகிறாளா என்பதைக் கணக்கில் எடுக்கவே கூடாது. அதாவது இரண்டாம் வருஷம் முட்டியில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்தாலும், பாஸ்கெட்பாலில் பையன்களைவிடப் பெண்களுக்கு அது அதிகம் கிழிகிறது, அவள் பணம் அப்படியே இருக்கும். கோச் மாறினாலும் இருக்கும். எனக்குப் போதும், இனி லேபில்தான் நேரம் செலவழிக்கப்போகிறேன் என்று அவளே விலகினாலும் இருக்கும். மதிப்பெண் காப்பாற்றினால் சரி. ஒரு குடும்பத்துக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு எனக்குத் தெரிந்து விளையாட்டு உலகத்தில் இல்லை.

எந்தக் கல்லூரி என்பதில்தான் கவனம் வேண்டும். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், டஃப்ட்ஸ் மாதிரியான இடங்கள் குடும்ப வருமானத்தைப் பார்த்து மட்டும்தான் உதவி செய்யும், எம்ஐடியும் அப்படித்தான். நீங்கள் இருவரும் ஐடியில் இருக்கிறீர்கள், அங்கே உங்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காமல் போகலாம். ஆனால் டெனிசன், வூஸ்டர், டீபாவ், ராச்செஸ்டர், கேஸ் வெஸ்டர்ன், சான் அன்டோனியோவின் டிரினிட்டி போன்றவை படிப்பைப் பார்த்து மெரிட் ஸ்காலர்ஷிப் தருகின்றன. இந்த வரிசையில் பாதிப் பெயரை நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதனால் என்ன? ஒவ்வொரு கல்லூரி இணையதளத்திலும், உதவி போக உங்கள் கையிலிருந்து எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுச் சொல்லும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும், சட்டப்படி வைத்தே ஆக வேண்டும், இந்த வார இறுதியில் அப்பாவும் நீங்களும் உட்கார்ந்து பத்துக் கல்லூரிக்குப் போட்டுப் பாருங்கள், பக்கத்தில் ரட்கர்ஸுக்கு ஆகும் மொத்தச் செலவையும் எழுதிவையுங்கள்.

அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? அக்டோபரில் பயிற்சி, நவம்பரிலிருந்து ஆட்டங்கள், வழக்கமான சீசனில் அதிகபட்சம் 25, பிப்ரவரி கடைசியில் கான்ஃபரன்ஸ் போட்டி, ஜெயித்தால் மார்ச்சில் தேசியப் போட்டி. சிகாகோ, எமரி, என்ஒய்யூ இருக்கும் யூஏஏ கான்ஃபரன்ஸில் வெள்ளிக்கிழமை ஒரு ஊர், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஊர், விமான நிலையத் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வார்கள். சீசன் முடிந்தால் பெரும்பாலும் அவள் நேரம் அவளுடையது. கோடைக்கால இன்டர்ன்ஷிப் போகலாம், ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்கலாம். டிவிஷன் 1இல் கோடையும் டீமுக்கே போய்விடும்.

வேலை என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். ப்ராட் ஸ்டீவன்ஸைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், பாஸ்டன் செல்டிக்ஸ் கோச்சாக இருந்து 2021இல் அந்த டீமின் பாஸ்கெட்பால் நிர்வாகத்துக்கே தலைவரானவர், 2024இல் சாம்பியன்ஷிப் வென்றது அவர் கட்டிய டீம். அவரும் கார்டுதான். இண்டியானாவில் ஜயன்ஸ்வில் ஹைஸ்கூலில் ஸ்கோரிங் ரெக்கார்டு வைத்திருந்தார், பிறகு டீபாவ் போனார், நான் மேலே சொன்ன அதே டிவிஷன் 3 கல்லூரி. அங்கே நட்சத்திரம் ஆகவில்லை. கடைசி வருஷம் ஆட்டத்துக்குச் சராசரி 5.4 பாயிண்ட். ஆனாலும் நாலு வருஷம் ஆடினார், பொருளாதாரம் படித்து 1999இல் பட்டம் வாங்கினார், எலி லில்லி மருந்து கம்பெனியில் வேலையும் கிடைத்தது. அந்த வேலையை விட்டுவிட்டு பட்லர் பல்கலைக்கழக டீமில் சம்பளமில்லாத தொண்டராகச் சேர்ந்தவர், 2007இல் 30 வயதில் அங்கே ஹெட் கோச், 2010இலும் 2011இலும் டீமை தேசிய இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். உங்கள் மகள் இப்படி ஆவாள் என்று நான் சொல்லவில்லை. கையில் ஒரு நல்ல பட்டம் இருந்ததால்தான் அவரால் துணிந்து வேலையை விட முடிந்தது, அதைப் பாருங்கள். இவளுக்குப் பிடித்ததோ புள்ளியியல். அது இன்று பாஸ்கெட்பால் டீம்களுக்கும் வேண்டும், வங்கிக்கும் வேண்டும், மருந்து கம்பெனிக்கும் வேண்டும்.

நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். மூன்று நிமிஷமும் அவள் போட்ட த்ரீ பாயிண்டர்கள், பின்னால் பாட்டு. பாட்டை எடுத்துவிடுங்கள். முழு ஆட்டம் ஒன்றையும் பார்த்தேன், அதில் மூன்றாவது குவார்ட்டரில் சைடுலைன் ஓரமாக இரண்டு பேர் அவளை மடக்குகிறார்கள், அவள் பதறாமல் பந்தை இரண்டு முறை தட்டியபடி பின்வாங்கி, இடைவெளி கிடைத்ததும் எதிர் மூலைக்கு நீளமாக ஒரு பாஸ் எறிகிறாள். அந்தப் பெண் ஷாட்டைத் தவறவிட்டதால் ஸ்கோர்ஷீட்டில் உங்கள் மகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஆனால் பாயிண்ட் கார்டு தேடும் கோச் பார்க்க விரும்புவது அந்த ஆறு விநாடியைத்தான். அடுத்த குவார்ட்டரில் பந்தைப் பறிகொடுத்தபின் தலையைக் குனியாமல் திரும்பி ஓடித் தடுக்கிறாளே, அதையும் சேருங்கள். நாலு நிமிஷ வீடியோ, கூடவே முழு ஆட்டத்தின் லிங்க் ஒன்று, அவ்வளவு போதும். கோச்சுகளுக்கு ஈமெயில் அவள் எழுத வேண்டும், அவள் பெயரிலிருந்து போக வேண்டும். பெற்றோர் எழுதியது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

இப்போது நான் கறாராகச் சொல்லப்போவதைக் கேளுங்கள். பள்ளிக்கு வெளியே ஆடும் ஏஏயூ கிளப்புக்கும் ஹோட்டலுக்கும் விமானத்துக்கும் இதுவரை செலவழித்தது செலவழித்ததுதான், இந்தக் கோடையில் ஓட்டிப் போகும் தூரத்தில் இருக்கும் டோர்னமென்ட் மட்டும் போதும். கோச்சுகளிடம் அறிமுகம் செய்துவைக்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் கேட்கிற ரெக்ரூட்டிங் ஏஜென்சிக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள், அந்தப் பணத்தில் நாலு கேம்பஸை நேரில் பார்த்துவிட்டு வரலாம். பெற்றோர் பெயரில் மத்திய அரசு தரும் பேரன்ட் பிளஸ் கடன் ஒரு பிள்ளைக்கு 65,000 டாலர் வரை கிடைக்கும் என்பது வாங்கியே ஆக வேண்டும் என்பதற்கான காரணம் இல்லை. ரிட்டையர்மென்ட் பணத்தில் கை வைக்கவே வேண்டாம்.

உங்கள் மகள் இங்கே பிறந்தவள், அதனால் இந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை, ஆனால் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: மத்திய அரசு உதவி உங்கள் பிள்ளைகளுக்குக் கிடையாது, 21 வயதில் ஹெச்-4 போய்விடும், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். ஆகவே வெளிநாட்டு மாணவர்களுக்கும் மெரிட் ஸ்காலர்ஷிப் தரும் கல்லூரிகளை மட்டும் பட்டியலில் வையுங்கள், இதை முதல் ஈமெயிலிலேயே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

ஜூன் மாதம் பள்ளி முடிந்ததும், விருப்பம் காட்டிய கோச்சுகள் மதிப்பெண் பட்டியலைக் கேட்பார்கள். அதை அட்மிஷன் அலுவலகத்துக்குக் கொடுத்து, சேர வாய்ப்பிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வார்கள், ப்ரீ-ரீட் என்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் மகள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். என் வருஷத்தில் எத்தனை கார்டுகளை எடுக்கிறீர்கள், அட்மிஷனில் எனக்காகப் பேசுகிறீர்களா அல்லது டீமுக்கு வரலாம் என்று மட்டும் சொல்கிறீர்களா, போன வருஷம் முதலாண்டுப் பெண்கள் எத்தனை நிமிஷம் ஆடினார்கள். மழுப்பலான பதில் வந்தால் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் கீழே தள்ளுங்கள்.

பதில் நன்றாக இருந்தால் கோச் ஏர்லி டெசிஷனில் போடச் சொல்வார். அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், இடம் கிடைத்தால் போயே ஆக வேண்டும். அப்போது நீங்கள் நிதியுதவிக்கும் ஒரு ப்ரீ-ரீட் கேளுங்கள், வருடத்துக்கு நம் கையிலிருந்து எவ்வளவு என்று எழுத்தில் வரட்டும். அந்த எண் வராமல் கோச் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், அப்பா எவ்வளவு அவசரப்பட்டாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.