குளத்தங்கரையில் இரண்டு மணி நேரம்

கேள்வி: நான் நாகர்கோவிலில் ஆசிரியை. டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் குளித்துவிட்டு வந்தாலே கட்டிலில் உட்கார வேண்டியிருக்கிறது. நாலு சுவருக்குள் மூச்சு முட்டுகிறது. ஒருநாள் வெளியே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வர ஆசை. கணவர் கார் பிடித்து மாத்தூர், திற்பரப்பு, பேச்சிப்பாறை எல்லாம் பார்த்து வரலாம் என்கிறார். குலசேகரத்தில் இருக்கும் மயினி (அண்ணி), “எங்க ரப்பர் தோட்டத்து வீட்டுக்கு வா” என்கிறாள். மாமியாரோ, காற்று பட்டால் திரும்பவும் காய்ச்சல் வரும் என்கிறார். மெடிக்கல் லீவில் இருந்துகொண்டு ஊர் சுற்றினால் பள்ளியில் என்ன நினைப்பார்கள் என்ற உறுத்தலும் இருக்கிறது. போகலாமா?

பதில்: போங்கள், சகோதரி. கட்டாயம் போங்கள். ஆனால் ஒரே ஒரு இடத்துக்கு, ஒரே ஒரு காலைப்பொழுது மட்டும்.

டெங்கு போன பிறகும் அசதி பல வாரம் நீடிப்பது உண்டு. ரிப்போர்ட் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் இப்படி என்று உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம். டைபாய்டு வந்து எழுந்த சமயம் நான் அப்படித்தான் அவசரப்பட்டேன். முட்டத்தில் கடலைப் பார்த்த சந்தோஷத்தில் கீழே இறங்கிவிட்டேன். ஏறும்போது பாதியில் கால் இரண்டும் துணியாய்த் துவண்டுவிட்டன. மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்து, “இருங்க மக்கா, மெல்லப் போலாம்” என்று பக்கத்திலேயே உட்கார்ந்தார். போகும்போது இருக்கும் தெம்பு திரும்பும்போது இருக்காது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அதனால் இன்னும் கொஞ்சம் உட்காரலாமே என்று தோன்றும்போதே கிளம்பிவிடுங்கள்.

உங்கள் கணவருக்கு நல்ல மனசு. ஆனால் மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், 1,240 அடி நீளம். நிழலே இல்லாத பாதையில் போய்வந்தாலே முக்கால் கிலோமீட்டர் நடை. திற்பரப்பு அருவியில் வழுக்கும் பாறையும் கூட்டமும். இதெல்லாம் இன்னும் இரண்டு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். பாலம் எங்கே ஓடிவிடப் போகிறது?

மயினி வீட்டையும் இப்போதைக்குத் தள்ளிப் போடுங்கள். மழையில் ரப்பர் பால்வெட்டு நிற்கும்போது, பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டைகளில் (தேங்காய் ஓடுகளில்) தண்ணீர் தேங்கும். டெங்கு பரப்பும் வரிக்கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கும் சின்னச் சின்னத் தண்ணீரில்தான், அதுவும் பகலில் கடிக்கிற கொசு. டெங்குவில் நாலு வகை உண்டு. உங்களுக்கு வந்த வகை மறுபடி வராது, ஆனால் வேறொரு வகை வந்தால் முதல் தடவையைவிடக் கடுமையாக இருக்கலாம். மயினி வருத்தப்படாத மாதிரி இதைச் சொல்லிவிட்டு, சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கவும் சொல்லுங்கள்.

சரி, எங்கே போவது? தேரூர் குளக்கரைக்குப் போங்கள் என்பேன். சுசீந்திரம் குளமும் இதுவும் சேர்ந்து 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. சுசீந்திரம் பக்கம் நெடுஞ்சாலைச் சத்தம் ஓயாது, தேரூர் அமைதி. உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். கார் நிற்கிற இடத்திலிருந்து பத்தடிக்குள், மரநிழலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். தென்கிழக்கே மருந்துவாழ்மலை தெரியும். சஞ்சீவி மலையிலிருந்து அனுமன் கையால் விழுந்த துண்டு என்று நம் பாட்டிமார் சொன்ன அதே மலை. இந்தத் தடவை அதை ஏற வேண்டாம், பார்த்தால் போதும். தண்ணீரில் நட்ட கம்பின் மேல் நீர்க்காகம் வந்து உட்காரும். முங்கி எழுந்ததும் இரண்டு சிறகையும் விரித்து, முதுகை வெயிலுக்குக் காட்டி, அசையாமல் நிற்கும். அதன் நெஞ்சிலிருந்து நீர் சொட்டுவதை எண்ணிக்கொண்டிருங்கள். அது சிறகை மடக்குவதற்குள் கால் மணி நேரம் போனதே தெரியாது.

முழுக்கை உடுப்பு, காலுறை, கொசுவுக்கான களிம்பு மூன்றும் அவசியம். பிளாஸ்கில் பயறு போட்ட கஞ்சி, நாலு மட்டிப்பழம் (நம்மூர் சின்ன வாழைப்பழம்). பச்சைப்பிள்ளைக்கே மசித்து ஊட்டுகிற பழம், உங்கள் வயிற்றை ஒன்றும் செய்யாது. எழும்போது சட்டென்று எழாமல், நாற்காலியின் கையைப் பிடித்து ஒரு நிமிடம் நின்றுவிட்டு நடங்கள். கணவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். பேச வேண்டும் என்றில்லை. போன் காரிலேயே கிடக்கட்டும்.

மாமியாரோடு வாதம் வேண்டாம். டெங்கு காற்றில் வராது என்பது உண்மைதான். ஆனாலும் அவர் காதில் கட்டச் சொல்லும் துண்டைக் கட்டிக்கொண்டு போங்கள். வாசலில் நின்று வழியனுப்பி வைப்பார்.

அப்புறம், அந்த உறுத்தல். மெடிக்கல் லீவு தந்திருப்பது உடம்பு தேறுவதற்காக. குளத்தங்கரையில் உட்கார்ந்தாலும் தேறுகிற வேலைதான் நடக்கிறது, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். அடுத்த நாளையும் வேலை எதுவும் வைக்காமல் விட்டுவிடுங்கள். கிளம்பும் முன்பு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பக் காய்ச்சல், வயிற்று வலி, ஈறில் ரத்தம் என்று எது தலைகாட்டினாலும் பயணத்தை நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குளம் அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.