படை அட்டவணையை மடித்து வையுங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

அக்கா மகன் கோடை விடுமுறைக்கு வந்திருக்கிறான். 13 வயது. ராஜேந்திர சோழன் பேரில் ஒரு கேம்பெய்ன் (கதையாக ஆடும் ஆட்டத் தொடர்) இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற கணினி விளையாட்டுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். வாங்கிக் கொடுத்து நாலு நாளாகச் சொல்லிக்கொடுக்கிறேன். எந்தப் படைக்கு எந்தப் படை எதிர் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். திறந்தவெளியான அராபியா மேப், எதிரியாக மாடரேட் (நடுத்தர) கம்ப்யூட்டர், திராவிடர் அணி. ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிரி வந்து நிற்கும்போது இவனிடம் உணவு, மரம் சேர்க்கும் வேலையாட்களான வில்லேஜர் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருக்கிறார்கள். நேற்று "எனக்கு வராது மாமா" என்று எழுந்து போய்விட்டான். எங்கே தப்பு?

– கா.

அன்புள்ள கா.,

அந்த அட்டவணையை முதலில் மடித்து வையுங்கள். ஈட்டிக்காரன் குதிரையை மறிப்பான், ஸ்கர்மிஷர் (ஈட்டி எறிபவன்) வில்லாளியைச் சமாளிப்பான் என்பதெல்லாம் சரிதான். ஆனால் ஒரு ஈட்டிக்காரனுக்கு 35 உணவும் 25 மரமும் வேண்டும். அதைச் சேர்க்க ஆள் எங்கே? பையன் முதல் எட்டு நிமிடத்திலேயே தோற்றுவிடுகிறான். எதிரி வந்த பிறகுதான் அது உங்கள் இரண்டு பேருக்கும் தெரிகிறது.

கணக்கைப் பாருங்கள். தொடக்கத்தில் 3 வில்லேஜர், வேவு பார்க்க ஒரு ஸ்கவுட், கையில் 200 உணவு. ஒரு வில்லேஜர் உருவாக 50 உணவு, 25 விநாடி. 21 வில்லேஜர் ஆனதும் அடுத்த யுகமான ஃபியூடல் ஏஜுக்கான பொத்தானை அமுக்குவது என்று வைத்துக்கொண்டால் இன்னும் 18 பேர் வேண்டும், அதற்கு 450 விநாடி. வில்லேஜரின் உயிரைக் கூட்டும் லூம் ஆராய்ச்சிக்கு ஒரு 25. ஆக, வில்லேஜர் உருவாகும் டவுன் சென்டர் ஒரு நொடிகூடச் சும்மா இல்லையென்றால் கடிகாரம் 7:55 காட்டும்போது அமுக்கலாம். அவன் 10:00-க்கு அமுக்கினால் 125 விநாடி வீண், அதாவது ஐந்து வில்லேஜர் வரவேயில்லை. முதல் வாரம் முழுக்க இந்த ஒரு எண்ணை மட்டும் பாருங்கள். எஃப்11 அமுக்கினால் திரையில் கடிகாரம் தெரியும்.

முதல் நாலைந்து ஆட்டம் ஃபியூடலை அமுக்கும் வரைக்கும்தான். அமுக்கியதும் நேரத்தைத் தாளில் குறித்துவிட்டு, ஆட்டத்தை மூடிப் புதிதாகத் தொடங்கட்டும். சண்டையே இல்லையா என்று முனகுவான், முனகட்டும். வேகத்தை 1.0-க்கு இறக்குங்கள். வழக்கமான வேகம் 1.7. அதில் விளையாட்டின் 25 விநாடி நிஜத்தில் 15 விநாடிக்குள் ஓடிவிடும், புது ஆளுக்கு மூச்சு விடவே நேரம் இருக்காது. அராபியாவை விட்டு அரீனா மேப்புக்கு மாறுங்கள். அங்கே ஊரைச் சுற்றிக் கற்சுவர் ஏற்கெனவே எழுப்பியிருக்கும், குதிரைக்காரன் தொல்லை கொஞ்ச நாளைக்கு இல்லை. கம்ப்யூட்டரையும் ஆகக் கீழ்ப்படிக்கு இறக்குங்கள்.

ஆட்டம் திறந்ததும் கை செய்ய வேண்டியது இது. ஹெச் அமுக்கினால் டவுன் சென்டர். க்யூ (Q) விசையை நாலு தடவை தட்டினால் நாலு வில்லேஜர் வரிசையில் ஏறும், 200 உணவும் தீர்ந்துவிடும். உடனே இருக்கிற மூன்று பேரும் வீடு கட்டப் போக வேண்டும். இருவர் சேர்ந்து ஒரு வீடு, மூன்றாமவர் தனியாக இன்னொன்று. ஏன் இந்த அவசரம்? டவுன் சென்டர் 5 பேருக்குத்தான் இடம் தரும், ஏற்கெனவே 4 பேர் இருக்கிறார்கள். முதல் வில்லேஜர் வந்ததும் ஊர் நிறைந்துவிடும். 25-ஆவது விநாடிக்குள் வீடு எழும்பாவிட்டால் இரண்டாமவர் வர முடியாமல் வரிசை அப்படியே நிற்கும். ஒரு வீட்டுக்கு 25 மரம், 5 பேருக்கு இடம். ஒருவர் தனியாகக் கட்டினால் அதற்கும் 25 விநாடி. அதனால் இரண்டு இடம் மீதி இருக்கும்போதே அடுத்த வீட்டைத் தொடங்கச் சொல்லுங்கள். ஒரு இடம்தான் மீதி என்றால் பிந்திவிட்டது.

முதல் ஆறு பேர் ஆட்டுக்கு. ஆடு டவுன் சென்டர் சுவரை ஒட்டி நிற்க வேண்டும், அப்போதுதான் இறைச்சி சுமக்க நடையே இருக்காது. ஒரு நேரத்தில் ஒரே ஆடு. இரண்டு மூன்றை வெட்டிப் போட்டால் இறைச்சி அழுகிக் குறைந்துகொண்டே வரும். இதைச் சொல்லாமல் விட்டால் எல்லாப் புது ஆளும் ஆளுக்கொரு ஆட்டை வெட்டுவார்கள். அடுத்த நாலு பேர் மரத்துக்கு. அடுத்தவர் காட்டுப்பன்றிக்கு. பிறகு நாலு பேர் மில் கட்டிப் பெர்ரி பறிக்க. அதற்குப் பின் வருகிறவர்கள் மரத்துக்கும் பண்ணைக்கும்.

மரத்தில் ஒரு நுணுக்கம். வில்லேஜர் ஒருவர் 10 மரம் சுமப்பார். அதை வெட்ட ஏறக்குறைய 26 விநாடி. வெட்டிய மரத்தைக் கொண்டு சேர்க்கும் லம்பர் கேம்ப்பை மரத்துக்கு நாலு கட்டம் தள்ளி வைத்தால் போய்வர எட்டுக் கட்டம், விநாடிக்கு 0.8 கட்டம் நடப்பவருக்கு அது 10 விநாடி. உழைப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நடையிலேயே போய்விடும். கேம்ப் மரத்தை இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பையன் அழகாக வெட்டவெளியில் கட்டுவான், பாருங்கள்.

பன்றியை இரண்டாவது நாளுக்கு வையுங்கள். அதில் 340 உணவு, மூன்று ஆட்டுக்குச் சமம். ஆனால் திருப்பி அடிக்கும். ஒரே ஒரு வில்லேஜர் போய் இரண்டு அம்பு விட வேண்டும், உடனே டவுன் சென்டர் பக்கம் திரும்பி ஓட வேண்டும். பன்றி துரத்திக்கொண்டு வரும். வாசலுக்கு வந்ததும் ஆட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து அடிப்பார்கள். தப்பு நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, அம்பு விட்டவன் நின்று வேடிக்கை பார்ப்பது. இன்னொன்று, ஏற்கெனவே அடிபட்ட ஆளையே இரண்டாம் பன்றிக்கும் அனுப்புவது. வில்லேஜரின் உயிர் 25 புள்ளிதான், லூம் முடிந்தால் 40. இந்தப் பையனுக்கு லூமைப் பன்றிக்கு முன்பே ஆராயச் சொல்லுங்கள். தேர்ந்தவர்கள் தள்ளிப்போடுவார்கள், அவர்கள் கதை வேறு.

வரிசையில் பத்துப் பேரை ஒரேயடியாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று அவனுக்கு ஒரு யோசனை வரும். விடாதீர்கள். வரிசையில் ஏற்றிய கணமே உணவு கழிந்துவிடும். பத்துப் பேர் என்றால் 500 உணவு, ஃபியூடலுக்கான மொத்த விலையும் அதுதான். எப்போதும் இரண்டு பேர் போதும்.

நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வது என்பதுதான் கஷ்டமான பகுதி. மவுஸைத் தொடாதீர்கள். "அங்கே பார், ஸ்கவுட் நிற்கிறது, அந்த மரம்" என்று நாலு திசையிலும் கத்தினால் அவன் உங்கள் விரலைத்தான் பார்ப்பான். ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு சொல். முதல் நாள் அந்தச் சொல் "ஹெச்". அரை நிமிடத்துக்கு ஒரு தரம் சொல்லுங்கள், வேறெதுவும் வேண்டாம். ஸ்கவுட் மூலையில் தூங்கட்டும், ஒரு ஆடு குறைந்தால் குடி முழுகிவிடாது. இரண்டாம் நாள் சொல் "வீடு". மூன்றாம் நாள் "புள்ளி". முற்றுப்புள்ளி விசையை அமுக்கினால் சும்மா நிற்கும் வில்லேஜர் இருக்கும் இடத்துக்குத் திரை போகும்.

அவன் 8:45-க்குள் ஃபியூடலை அமுக்கத் தொடங்கிய பிறகு சண்டைக்கு வாருங்கள். ஃபியூடலில் கட்டடம் இரண்டு, பிறகு 800 உணவும் 200 தங்கமும் சேர்ந்ததும் அதற்கடுத்த யுகமான காஸில் ஏஜ், அங்கே இரண்டு ஸ்டேபிளில் (குதிரை லாயம்) விடாமல் நைட் எனும் குதிரை வீரர்கள். ஒரு நைட்டுக்கு 60 உணவு, 75 தங்கம், 30 விநாடி. இரண்டு ஸ்டேபிளும் நிற்காமல் ஓட நிமிடத்துக்கு 240 உணவு, 300 தங்கம் வேண்டும். இந்தக் கணக்கை அவனையே தாளில் போடச் சொல்லுங்கள். பண்ணை ஏன் அத்தனை, ஒரு பண்ணைக்கு 60 மரம் என்றால் மரத்துக்கு ஏன் அத்தனை பேர் என்று அவனாகவே கேட்பான்.

இங்கேதான் திராவிடர் அணி காலை வாருகிறது. அவர்களுக்கு நைட்டே கிடையாது. ஏஜ் ஏறும்போதெல்லாம் 200 மரம் இலவசமாக வருவது நல்ல சலுகைதான், ஆனால் அதை எங்கே செலவழிப்பது என்று தெரிந்தவனுக்கு. பயிற்சிக்கு ஃபிராங்க்ஸ் அணியை எடுங்கள். குதிரைப் படைக்கு உயிர் கூடுதல், மில் இருந்தால் பண்ணை மேம்பாடுகள் இலவசம். அதற்காக ராஜேந்திரனைப் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். 2022-இல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் பகுதியில்தான் அந்தக் கேம்பெய்ன் இருக்கிறது, திராவிடர் அணியும் அதிலேதான், அதனால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். ராத்திரி ஒரு மணி நேரம் கீழ்ப்படியில் வைத்து அதை ஆடட்டும். அவன் வந்ததே அதற்காகத்தான்.

சுவரில் இருந்ததைத் திரும்ப ஒட்ட நாள் வரும். அப்போதும் மூன்று வரி போதும்: குதிரைக்கு ஈட்டி, வில்லுக்கு ஸ்கர்மிஷர், ஸ்கர்மிஷருக்குக் குதிரை.

எழுந்து போனவனைத் திரும்பக் கூப்பிட ஒரு வழி இருக்கிறது. ஆட்டங்கள் பதிவாகியிருக்கும். அவன் தோற்ற ஒன்றைத் திறந்து, டவுன் சென்டரின் மேல் மட்டும் திரையை நிறுத்தி, முதல் பத்து நிமிடத்தை ஓடவிடுங்கள். அது சும்மா நிற்கும் ஒவ்வொரு 25 விநாடிக்கும் அவன் தாளில் ஒரு கோடு போடட்டும். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.