காதால் கேட்கும் விக்கிப்பீடியா

கே: கணினி அறிவியல் கடைசி வருடம். இணையத்தில் ஓடும் தரவை உடனுக்குடன் இசையாகவும் படமாகவும் மாற்றும் நிரல் எழுத ஆசை. சங்கீதம் தெரியாது. முடியுமா?
– மாணவி, கோவில்பட்டி

ப: தாராளமாக. 2013-ல் ஸ்டீபன் லாபோர்ட், மஹ்மூத் ஹஷெமி என்ற இரு நிரலாளர்கள் செய்த, விக்கிப்பீடியாவில் நடக்கும் திருத்தங்களை ஓசையாக மாற்றும் ‘லிசன் டு விக்கிப்பீடியா’ என்ற இணையப் பக்கத்தை முதலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள். யாராவது ஒரு கட்டுரையில் எதையாவது சேர்த்தால் மணியோசை, நீக்கினால் தந்தியைச் சுண்டும் ஓசை. சின்னத் திருத்தம் மேல் ஸ்தாயியில் கிணுங்கும்; பெரியது கனமாகக் கீழே இறங்கும். திரையில் வட்டங்கள் விரியும்: பாட் (தானாக இயங்கும் நிரல்) திருத்தினால் ஊதா, கணக்கில்லாதவர் திருத்தினால் பச்சை. எனக்கு வட்டங்கள் இரண்டாம்பட்சம்தான். சமையல் வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்க முடிகிறதே, அதுதான் இதன் அழகு.

தரவுக்கு அலைய வேண்டாம். திருத்தங்களை நடக்க நடக்க ‘ஈவென்ட் ஸ்ட்ரீம்ஸ்’ என்ற பெயரில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவே இலவசமாகத் தருகிறது. கட்டுரையின் பழைய நீளம், புதிய நீளம் இரண்டும் பைட் (கணினியில் தரவை அளக்கும் அலகு) கணக்கில் வரும். 5210 என்பது 5250 ஆனால் வித்தியாசம் 40. இந்த 40 எந்த ஸ்வரம்? மண்டையை உடைக்க வேண்டிய இடம் இதுதான். அளவை அப்படியே சம பங்காகப் பிரித்து ஸ்வரம் கொடுத்தால், சில்லறைத் திருத்தங்கள் எல்லாம் ஒரே ஸ்வரத்தில் போய் விழும். எப்போதோ வரும் முப்பதாயிரம் பைட் மட்டும் தனியாக முழங்கும். லாக் (logarithm, மடக்கை) எடுத்துவிட்டுப் பிறகு பிரித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் நம் எழுத்துக்கு மூன்று பைட், அதோடு சேரும் விலங்கு, கொம்பு, புள்ளி போன்ற குறிகளுக்கும் தனித்தனியே மூன்று. ‘தமிழ்’ என்று சேர்த்தாலே 15 பைட்; ஆங்கிலத்தில் அதே பெயர் 5 பைட்டில் முடிந்துவிடும். அளவுகோலை மாற்றாவிட்டால் தமிழ்த் திருத்தங்கள் காரணமே இல்லாமல் கட்டைக் குரலில் ஒலிக்கும்.

அப்புறம், சங்கீதம். மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ச ரி க ப த. ஒட்டிய அரைச்சுரங்கள் இல்லாததால், எது எதோடு சேர்ந்து ஒலித்தாலும் காதைக் குத்தாது. எல்லா மொழிகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிடாதீர்கள், கோயம்பேடு மார்க்கெட் ஆகிவிடும். இன்னொன்று: பயனர் ஒரு முறையாவது சொடுக்காமல் பிரவுசர்கள் பொதுவாகச் சத்தத்தை அனுமதிக்காது. ‘தொடங்கு’ என்று ஒரு பொத்தான் வையுங்கள். இல்லையென்றால் வைவா அன்று ஊமைப் படம்தான்.

கே: தரவை இசையாக்குவதெல்லாம் விளையாட்டுதானே? உபயோகம் உண்டா?
– வாசகர், சேலம்

ப: உண்டு. ஹான்ஸ் கைகர், வால்தர் முல்லர் 1928-ல் உருவாக்கிய கதிர்வீச்சுக் கருவியின் ‘டிக் டிக்’ இதே வேலைதான். கருவியின் முள்ளைக் கண் பார்க்காமலே, கதிர்வீச்சு எங்கே என்று கை தேடலாம். 2000-ல் ‘பீப்’ என்ற நிரல் ஒரு நெட்வொர்க்கின் நடமாட்டத்தை இயற்கைச் சத்தங்களாக மாற்றியது. நிர்வாகி தன் வேலையைப் பார்க்கலாம். சத்தம் வழக்கத்துக்கு மாறானால் மட்டும் திரையைப் பார்த்தால் போதும். துல்லியமான எண் வேண்டுமென்றால் மட்டும் காதை நம்பாதீர்கள், அதற்கு அட்டவணைதான் சரி.