அப்பளக் கணக்கு

கேள்வி: இந்தியாவின் தனிநபர் வருமானம் ஏறிக்கொண்டே போகிறது என்கிறார்கள். ஒரு சராசரி மனிதனின் வாழ்க்கைத் தரம் அந்த அளவுக்கு உயர்ந்திருக்கிறதா?
– வாசகர், தென்காசி

பதில்: உயர்ந்திருக்கிறது. அதை மறுப்பவன் ஊரைச் சுற்றிப் பார்க்காதவன். ஆனால் போகிற போக்கில் ‘சராசரி மனிதன்’ என்று ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறீர்களே, எனக்கு அவரிடம்தான் வேலை. பத்திரிகைத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவரைத் தேடுகிறேன். பட்ஜெட் அன்று மட்டும் எல்லார் தலையங்கத்திலும் வருவார். மறுநாள் ஆளைக் காணோம்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். யார் வீடு என்று சொல்ல மாட்டேன், சமையல் கான்ட்ராக்டர் நம் பத்திரிகைக்குச் சந்தாதாரர். மண்டபத்தில் பழைய நண்பர் ஒருவரிடம் பேச்சு நீண்டதில் கடைசிப் பந்தியில்தான் இடம் கிடைத்தது. சாம்பார் வந்தது, அதில் காய் இல்லை. ரசம் தாராளமாக வந்தது, அது எப்போதும் அப்படித்தான். பாயசம் என்று ஒன்றைக் கரண்டியிலிருந்து சொட்டவிட்டுப் போனார்கள். அப்பளம் மட்டும் வரவே இல்லை. பரிமாறுகிற பையன் என் கண்ணைப் பார்க்காமலே மூன்று தடவை கடந்து போனான்.

கை கழுவிவிட்டு நேரே கான்ட்ராக்டரிடம் போனேன். மனிதர் பதறவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். “600 இலை சார். 1,200 அப்பளம் பொரிச்சிருக்கேன். இலைக்கு ரெண்டு. கட்டு எண்ணி வாங்கினதுக்குப் பில் இருக்கு, பார்க்கிறீங்களா?” பார்த்தேன். ஒரு பிழை இல்லை. முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுச் சிறுவர்கள் ஆளுக்கு ஐந்து அப்பளத்தை நொறுக்கி விளையாடியதை என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் நோட்டுப்படி நான் இரண்டு அப்பளம் சாப்பிட்டிருக்கிறேன். அப்புறம் என்ன பேசுவது?

இந்த நோட்டுக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. 1963 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நேரு அரசின் மேல் எதிர்க்கட்சி வரிசையிலிருந்த கிருபளானி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம், சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் தடவை. அந்த வருடம்தான் ஃபரூக்காபாத் இடைத்தேர்தலில் ஜெயித்து உள்ளே வந்திருந்தார் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா. நாட்டில் 27 கோடிப் பேர் ஒரு நாளைக்கு 3 அணாவில் (ரூபாய்க்குப் பதினாறு அணா) வாழ்கிறார்கள், பிரதமருக்கோ நாளொன்றுக்கு 25 ஆயிரம் ரூபாய் செலவாகிறது என்று குண்டைப் போட்டார். இல்லை, 15 அணா என்றார் நேரு. எல்லாரையும் சேர்த்து வகுத்தால் வருகிற கணக்கு அது. லோகியா கேட்டது கீழே கிடக்கிற அறுபது சதவீதத்தின் கணக்கை. சபையில் நெருக்கிப் பிடித்ததும் அரசுத் தரப்பு எண் ஏழரை அணாவுக்கு இறங்கியது. ஏழரை என்றாலே நம் ஊரில் என்ன அர்த்தம் என்று தென்காசிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றா ஏழரையா என்ற சண்டை இருக்கட்டும். பதினைந்து பாதியாக இறங்கியதே, அந்த இறக்கம்தான் எனக்கு முக்கியம்.

சரி, இன்றைய நோட்டுக்கு வருவோம். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2022-23-ல் வயது வந்த இந்தியர் ஒருவரின் சராசரி வருமானம் ஆண்டுக்கு சுமார் 2.35 லட்சம் ரூபாய். எல்லாரையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தி நட்டநடுவில் நிற்பவரைக் கேட்டால் அவர் சொல்வது சுமார் 1.05 லட்சம். சராசரியைத் தொட வேண்டுமென்றால் வரிசையில் கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம் பேரைத் தாண்டிப் போக வேண்டும். ஆக, நான் இத்தனை காலம் தேடிய ஆள் அங்கே நிற்கிறார்! டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் தேடியது என் தப்பு. உச்சியில் இருக்கும் ஒரு சதவீதத்தினர் மட்டும் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதத்தை அள்ளிக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கு போட்ட முறையே தவறு என்பவர்கள் உண்டு. அவர்கள் வேறு நோட்டைக் காட்டட்டும், அதையும் பிரித்துப் பார்ப்போம்.

நோட்டு என்றதும், ஐந்தாண்டுத் திட்டங்கள் போட்டுக்கொண்டிருந்த மத்திய அரசின் பழைய திட்டக் கமிஷன் ஞாபகம் வருகிறது. இதை நான் இந்தப் பக்கத்தில் எழுதுவது நாலாவது முறை என்று உதவி ஆசிரியர் முறைக்கிறார். முறைக்கட்டும். 2011-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள்: நகரத்தில் நாளைக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய்க்கு மேல் செலவழித்தால் நீங்கள் ஏழை இல்லை. மறு வருடம் அதே அலுவலகத்தில் இரண்டு கழிப்பறைகளைப் புதுப்பிக்க சுமார் 35 லட்சம் ரூபாய் செலவானது தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளியே வந்தது. வகுத்துப் பார்த்தேன். நகரத்து ஆசாமி ஒருவர் அந்தப் பணத்தில் கிட்டத்தட்ட 300 வருடம் வறுமைக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கலாம்.

உங்கள் கேள்வியை மறக்கவில்லை. கிராமத்துக் குடும்பம் சாப்பாட்டுக்குச் செலவிடும் பங்கு 2011-12-ல் சுமார் 53 சதவீதமாக இருந்தது, 2022-23-ல் சுமார் 46 ஆகக் குறைந்திருக்கிறது. வேறு செலவுக்குக் கையில் கொஞ்சம் மிஞ்சுகிறது என்று அர்த்தம். நல்லதுதான். அதே காலத்தில் சுமார் 81 கோடிப் பேருக்கு இலவச தானியம் என்று சட்டம் போட்டுத் திட்டம் நடத்துகிறோம். அதுவும் நல்லதுதான். இரண்டையும் ஒரே மேடையில் ஒரே அமைச்சர் சாதனையாகச் சொல்லும்போதுதான் எனக்குத் தலை சுற்றுகிறது.

இதற்கு என் எதிர்முகாம் நண்பர் உடனே போன் செய்வார், “எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, இன்னுமா வறுமை?” என்பார். முன்பு ஒரு காலத்தில் இதே மனிதர் “எல்லார் வீட்டிலும் கலர் டிவி இருக்கிறதே” என்றார். அது அரசாங்கமே இலவசமாகக் கொடுத்த டிவி என்று சொன்னதற்கு எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த எட்டு மாதமும் நிம்மதியாக இருந்தேன்.

வருகிற ஆவணியில் அதே கான்ட்ராக்டர் சமைக்கும் இன்னொரு கல்யாணம் இருக்கிறது. முகூர்த்தம் ஒன்பதரைக்கு. பதினொன்றுக்கெல்லாம் சாப்பாட்டு ஹால் வாசலில் நிற்பேன். “கடைசிப் பந்திக்காரர்களுக்காக இவ்வளவு எழுதினீர்களே?” என்றாள் என் மனைவி. அப்பளம் விஷயத்தில் எனக்குக் கொள்கை கிடையாது.