காபிப் பூவின் வெள்ளை – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். நான்கு வருடமாக ஆயில் பெயின்டிங்கும் பேஸ்டலும் பழகி வருகிறேன். இந்த ஏப்ரலில் ஏற்காட்டில் பூத்திருந்த ஒரு காபிக் கிளையை மொபைலில் படமெடுத்து வந்து கேன்வாஸில் வரைந்தேன். பின்னணி முழுக்க சாப் கிரீன் பூசி, அன்றைக்கே அதன்மேல் பூக்களை வைத்தேன். நிழலுக்குக் கொஞ்சம் கறுப்பு சேர்த்தேன். பூ அழுக்கு வெள்ளையாக வந்தது. மேலே மேலே வெள்ளை வைத்ததில் சுண்ணாம்பு அப்பியது போல ஆகிவிட்டது.

இன்னும் இரண்டு கேள்விகள். போன வருடம் வரைந்த டேலியா படத்தின் பின்னணி முழுக்கக் கீறல் கீறலாக வெடித்திருக்கிறது. லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) கலந்து கனமாகப் பூசியதன்மேல், டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பை அடித்திருந்தேன். ஏற்காட்டில் அக்கா வீட்டில் மாட்டியிருக்கும் பனிமூட்டப் பேஸ்டல் படத்தில், மழைக்காலம் முடிந்ததும் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளைப் புள்ளிகள் வந்திருக்கின்றன. எங்கே தவறு?

– ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் காபிப் பூ. அங்கே நடந்தது இரண்டு தவறுகள்.

ஈரப் பச்சையின்மேல் வெள்ளையை வைத்தால் தூரிகை ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் பச்சையை எடுத்துக்கொள்ளும். அதை மறைக்க மறுபடி வெள்ளை வைத்தால் மறுபடி பச்சை ஏறும். பூ வரும் இடத்தைப் பின்னணி பூசும்போதே காலியாக விட்டுவிடுங்கள். மறந்து பூசிவிட்டால், அந்த இடத்தைப் பேலட் கத்தியால் சுரண்டி, டர்பன்டைன் தொட்ட துணியால் கேன்வாஸ் தெரியும்வரை துடைத்துவிட்டு வரையுங்கள். இரண்டுக்கும் மனமில்லை என்றால் பச்சை காயும்வரை காத்திருங்கள். விரல் வைத்தால் ஒட்டக்கூடாது. மெல்லிய பூச்சுக்கே சில நாட்கள் ஆகும்.

இரண்டாவது, நிழல். மாக்னசைட் சுரங்கத்து வெள்ளைக்கல்லைச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அது ஒளி புகாத வெள்ளை. ஒரு பக்கம் வெளிச்சம் பட்டால் மறுபக்கம் சாம்பல். காபிப் பூவின் இதழ் அப்படி இல்லை, ஒளி அதன் ஊடே கசியும். ஒரு கொத்தைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். இலைக்காம்பின் கக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும் பூக்கள், ஒவ்வொன்றிலும் நட்சத்திரம்போல் ஐந்து இதழ்கள். வானத்தைப் பார்த்திருக்கும் இதழின் நிழலில் இளநீலம் இருக்கும். கீழே கவிழ்ந்த இதழில் இலையின் பச்சை ஏறியிருக்கும். பின்னாலிருந்து வெயில் வரும் இதழில் வெண்ணெய் நிறத்தில் மஞ்சள் ஓடியிருக்கும். இந்த மூன்று நிழலுக்கும் ஒரே கறுப்பைக் கலந்ததால்தான் உங்கள் பூ கல்லாகிவிட்டது.

கலவை இப்படி: கொண்டைக்கடலை அளவு டைட்டானியம் வெள்ளை, அரிசி மணி அளவு அல்ட்ராமரின் நீலம், அதில் பாதி பர்ன்ட் சியன்னா. நீலமும் பழுப்பும் ஒன்றையொன்று அடக்கி உயிருள்ள சாம்பல் தரும். இதை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றில் நீலத்தை ஒரு துளி கூட்டுங்கள், இன்னொன்றில் பின்னணிப் பச்சையில் கொஞ்சம், மூன்றாவதில் யெல்லோ ஆக்கர். பூ முழுவதையும் முதலில் இந்த மூன்றால் மட்டுமே கட்டுங்கள். வெளிச்சம் படும் இதழுக்குக்கூட வெள்ளையில் ஊசிமுனை அளவு மஞ்சள் சேர்த்தே வையுங்கள். சுத்த வெள்ளை கடைசியில், ஒரு கொத்துக்கு இரண்டு மூன்று தொடுகை போதும். ஆரம்பத்திலேயே அதைச் செலவழித்துவிட்டால் அதற்குமேல் ஏறப் படி இல்லை.

பூவை வெள்ளையாகக் காட்டும் வேலையில் பாதி இலையுடையது. காபி இலை பளபளப்பானது, விளிம்பில் அலை அலையாக இருக்கும். அந்தப் பளபளப்புக்குப் பலரும் வெளிர்பச்சை வைக்கிறார்கள். அது வானத்தின் பிரதிபலிப்பு, ஆகவே நீலச்சாம்பல்தான் வைக்கவேண்டும். வைத்த மறுகணமே இலை பளபளக்கும், பக்கத்துப் பூவும் வெளுக்கும். சாப் கிரீனை டியூபிலிருந்து அப்படியே போடாதீர்கள், பர்ன்ட் சியன்னா சேர்த்து அடக்குங்கள்.

மொபைல் படத்தை நம்பியதும் ஒரு காரணம். இருண்ட இலைகளுக்கு நடுவில் பூவை எடுக்கும்போது கேமரா இலைக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பூ வெறும் வெள்ளைத் திட்டாகப் பதியும். திரையில் பூவின்மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் குறைத்து இன்னொரு படமும் எடுங்கள். கோடை மழைக்குப் பிறகு பூத்தால் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். ஆகவே அங்கேயே ஒரு சின்ன அட்டையில் நிழல் நிறங்களை மட்டுமாவது கலந்து தீற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.

டேலியா வெடித்ததற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆயில் பெயின்ட் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து மெல்ல இறுகுகிறது. எண்ணெய் கூடினால் காயும் நேரமும் கூடும். நீங்கள் எண்ணெய்ப்பசை மிகுந்த கனத்த பூச்சை அடியில் வைத்து, எண்ணெய் குறைந்த மெல்லிய பூச்சை மேலே அடித்திருக்கிறீர்கள். அதிலும் பர்ன்ட் அம்பர் வேகமாகக் காயும் நிறம். மேல்தோல் முதலில் இறுகிவிட்டது. அடிப்பூச்சு அதற்குப் பிறகும் அசைந்துகொண்டிருந்தது, தோல் கிழிந்தது.

வரிசையை மாற்றினால் போதும். முதல் பூச்சு டர்பன்டைனில் கரைத்து மெல்லியதாக, எண்ணெய் எதுவும் சேர்க்காமல். இரண்டாவது டியூபிலிருந்து வந்தபடி. மூன்றாவதில்தான் சில துளி லின்சீட் ஆயில். ஒவ்வொன்றுக்கும் இடையில், தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயும் இடைவெளி வேண்டும். சேலம் வெயிலில் காய்ந்த கணக்கை ஏற்காட்டுக் குளிரில் எதிர்பார்க்காதீர்கள். டர்பன்டைனுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், எண்ணெய்ப்பசை தங்கிவிடும். லின்சீட்டுக்குப் பதில் தேங்காயெண்ணெயும் ஆகாது, அது காயாத எண்ணெய். வெடித்த படத்தின்மேல் புதுப்பூச்சு அடித்து மறைக்கவும் முயலாதீர்கள், அடியிலுள்ள கீறல் மேலே வந்துவிடும்.

டேலியா, ரோஜாச் சிவப்புக்கு அலிசரின் கிரிம்சன் வாங்கினால் டியூபின் முதுகில் நிறமியின் எண்ணைப் பாருங்கள். பி.ஆர். 83 என்றிருந்தால் வெளிச்சத்தில் வெளுக்கும். பி.வி. 19 என்றிருக்கும் குவினாக்ரிடோன் சிவப்பு நிற்கும். வான்கோ 1890-இல் வரைந்த ரோஜாப் படங்களில் இளஞ்சிவப்பாக இருந்த பூக்கள் இன்று ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டன, அவர் பயன்படுத்திய சிவப்பு வெளிச்சத்துக்குத் தாங்கவில்லை.

இனி பேஸ்டல். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஆயில் பேஸ்டலில் இருப்பது மெழுகும் காயாத எண்ணெயும். அதன்மேல் ஆயில் பெயின்ட் அடித்தால் பிடிப்பு இராது. பனிமூட்டத்துக்கு ஏற்றது பொடியாக உதிரும் சாஃப்ட் பேஸ்டல்தான். வெள்ளைத் தாளில் பனி தெரியாது, நடுத்தரச் சாம்பல் அல்லது மண்நிறத் தாள் எடுங்கள். கெட்டிக் குச்சிகள் முதலில், மிருதுவானவை கடைசியில். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து கீழே பார்க்கும்போது தூரத்து மேடுகளில் முதலில் காணாமல் போவது இருட்டுதான். அங்கே உங்கள் இருண்ட குச்சி போகக்கூடாது. பனி என்றதும் விரலால் தேய்த்துவிடத் தோன்றும். தேய்த்தால் தாளின் சொரசொரப்பு அடைபட்டு நிறம் செத்துவிடும். குச்சியைப் படுக்கவைத்து, அழுத்தாமல் இழுங்கள். முன்னால் நிற்கும் ஒரு சில்வர் ஓக் மரத்துக்கு மட்டும் அடர்த்தி கொடுத்தால் போதும், அதற்குப் பின்னாலுள்ள எல்லாமே பனிக்குள் போய்விடும்.

வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் பூஞ்சைதான். தாளிலும் நிறத்தைப் பிணைக்கும் பசையிலும் அதற்கு உணவு இருக்கிறது, ஈரத்தை மலை கொடுக்கிறது. கண்ணாடி படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் உள்ளே வேர்க்கும் நீர் நேராகத் தாளில் இறங்கும். சட்டத்தைப் பிரித்து, படத்தை வெயில் படாத காற்றோட்டமான அறையில் கிடத்திக் காயவையுங்கள். ஈரத்துணி, கிருமிநாசினி எதுவும் தொடக்கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, நிறம் இல்லாத ஓரங்களில் இருப்பதை மட்டும் மெல்லிய தூரிகை நுனியால் தட்டிவிடுங்கள். திரும்பப் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே கனமான மவுன்ட் அட்டை வைத்து நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் ஷீட் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதன் மின்னேற்றம் பொடியை இழுத்துக்கொள்ளும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டச் சொல்லுங்கள். சட்டத்தின் கீழ்மூலைகளில் பின்னால் இரண்டு கார்க் துண்டுகள் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. லின்சீட் ஆயில் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்காதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற முடியாமல் துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடிவையுங்கள்.

அன்புடன்.